சீங்கப்பள்ளத்து நீல நோட்டு

காலை 11.30.

கண்ணாடிப் பெட்டியின் பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே விரித்த வெள்ளைத் துணியில் ஒரு கசங்கல் இல்லை. அதன் மேல் ஒன்பது வருடமாக இருந்த நீல அட்டை நோட்டை மட்டும் காணோம்.

சாவியைக் கையில் பிடித்தபடி மாரியாத்தாள் அசையாமல் நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற லட்சுமணசாமி சத்தம் போடவில்லை. செல்போனை எடுத்துக் காரமடை போலீஸ் ஸ்டேஷனுக்குப் பேசினார். சாவி ஒன்றுதான், அது மாரியாத்தாளிடம்தான் இருக்கும் என்றார். அவளுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

மதியம் 12.05.

சப்-இன்ஸ்பெக்டர் மதிவதனியின் ஜீப் கறிவேப்பிலைத் தோட்டங்களைத் தாண்டிச் சீங்கப்பள்ளத்துக்குள் இறங்கியது. மூன்று பக்கமும் மலை. உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே ரோடு. ஊர் முகப்பில் மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் திருவிழாவுக்காக வேப்பந்தழை சுற்றிய கம்பம் நட்டிருந்தது. ஈரத் தலையோடு நாலைந்து பெண்கள் அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து கால் மைலில் நாவலாசிரியை பங்காரம்மாவின் வீடு. அவர் நாற்பது வருடம் இங்கேயே உட்கார்ந்து ஆறு நாவல்கள் எழுதியவர். இறந்த பிறகு வீடு நினைவு இல்லமாகிவிட்டது. கடைசி நாவலின் கைப்பிரதிதான் அந்த நீல நோட்டு. அதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் கோயமுத்தூரிலிருந்து வேன் பிடித்து வருவார்கள். முதல் பக்கம் மட்டும் கண்ணாடி வழியே தெரியும். வீட்டையும் பெட்டியையும் பார்த்துக்கொண்டு, பின்கட்டு அறையில் தனியாகக் குடியிருப்பவள் மாரியாத்தாள். வயது ஐம்பத்திரண்டு.

இன்றைக்கு வந்த வேனில் மூன்றே பேர். பங்காரம்மாவின் அண்ணன் மகன் லட்சுமணசாமி. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு செட் கம்பெனி வைத்திருப்பவர், நினைவு இல்ல அறக்கட்டளையின் தலைவர். ஆராய்ச்சி மாணவி ரித்திகா. டிரைவர் ஆசிப்.

மதிவதனி முதலில் ரித்திகாவைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் மடியில் சரிகைப் பொன்னாடை ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்ததும் பத்தே முக்காலுக்கு மாரியாத்தாள் நோட்டைக் காட்டிப் பெட்டியைப் பூட்டிவிட்டாள், அடுத்து தனக்கு லட்சுமணசாமி பொன்னாடை போர்த்தினார் என்றாள். பதினொன்றரைக்கு நோட்டை வெளியே எடுத்து எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுப்பதாக ஏற்பாடு.

"இதுக்கு முன்னாடி யாரும் எடுக்கலையா?"

"லட்சுமணசாமி சாரைத் தவிர யாரும் நோட்டை முழுசாப் படிச்சதே இல்லைங்க மேடம். படி எடுத்து அச்சுக்குக் குடுத்தவர் அவர்தான். மூணு வருஷமா நான் லெட்டர் போட்டேன். சார் முடியாதுன்னுட்டார். போன மாசம் கமிட்டியில ஓட்டெடுத்து அனுமதி குடுத்தாங்க."

"பதினோரு மணியிலிருந்து எங்க இருந்தீங்க?"

"ஓடையில போட்டோ எடுத்துட்டிருந்தேன். ஆசிப் அண்ணன்தான் குடை பிடிச்சார்."

ஆசிப் தலையாட்டினான். அவர்கள் இரண்டு பேரும் திரும்பும்போது மணி பதினொன்று இருபத்தெட்டு. செல்போனில் இருந்த படங்களின் நேரமும் அதையே சொன்னது.

12.20.

மாரியாத்தாள் சமையலறை வாசலில் நின்றே பதில் சொன்னாள். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றுக் காப்பு. சாவியைக் கதவோரத்து ஆணியில் மாட்டிவிட்டு, பதினொன்று ஐந்துக்கு மேட்டுக்குப் போய் வேப்பந்தழை பறித்து வந்ததாகச் சொன்னாள். பதினொன்று இருபத்தைந்துக்குத் திரும்பினாளாம். அவளைப் பார்த்தவர் யாருமில்லை. உள்ளே ஒரு கூடையில் தழை வாடிக்கிடந்தது.

"காலைலயே பறிச்சிருக்கலாமில்லீங்க அக்கா?" என்றாள் மதிவதனி.

"பறிச்சிருக்கலாமுங்க. ஆனா பதினோரு மணிக்குத்தான் பறிச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஏனுங்க அம்மணி, என்னைய ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போயிருவீங்களா? காப்புக் கட்டியிருக்கறனுங்க. புதன்கெழமை கம்பம் புடுங்கற வரைக்கும் ஊரு எல்லை தாண்டக் கூடாதுங்க. தாண்டிப்போட்டா அப்புறம் இந்த ஊருல என்னைய ஒருத்தரும் மனுசியா மதிக்க மாட்டாங்க."

திருட்டுப் பட்டத்தைவிட அவளுக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

12.30.

லட்சுமணசாமி முன்வாசல் நாற்காலியில் இருந்தார். மடியில் தட்டையான அட்டைப் பெட்டி. சிவப்பு ரிப்பன் போட்டுக் கட்டியிருந்தது. அவர் பதில்களை முன்கூட்டியே அடுக்கி வைத்திருந்ததுபோலச் சொன்னார்.

"பதினொண்ணுல இருந்து பதினொண்ணரை வரைக்கும்?"

"பின்னால பலாமர நிழல்ல உக்காந்திருந்தனுங்க. சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா."

"மாரியாத்தாள்?"

"உள்ளயேதான் இருந்தா. தழை பறிக்கப் போனேங்கறது பச்சைப் பொய்யுங்க. ஓர் அடி வெளிய வெக்கலை. வேற ஆளும் உள்ள போகலை."

"ஜன்னல் உசரத்துல இருக்கு. உட்கார்ந்தா உள்ளே தெரியாதே?"

"தெரியோணுமாக்கும்? கடுகு வெடிச்ச சத்தம் காதுல உழுந்துச்சு. வரமொளகா நெடி ஏறித் தும்மல் வந்துபோச்சு. தாளிச்சு முடிக்கவே பத்து நிமிசம் ஆச்சுங்க. நான் இந்தச் சமையக்கட்டுலயே வளந்தவன்."

மதிவதனி அதை அவர் சொன்னபடியே எழுதி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

12.50.

ஏட்டு கருப்புசாமி வீட்டைச் சலித்துவிட்டு வந்தார். வேன், பைகள், மாரியாத்தாளின் டிரங்குப் பெட்டி, அரிசி டப்பா எல்லாம் பார்த்தாயிற்று. லட்சுமணசாமி மடியில் வைத்திருந்த பெட்டியைக் கேட்டதற்கு, "பொன்னாடைப் பொட்டிங்க" என்றாராம். பெரிய மனிதர் என்று ஏட்டும் விட்டுவிட்டார்.

அந்த நேரத்தில் மதிவதனியின் செல்போன் அடித்தது. மேலிடம். லட்சுமணசாமி யாரிடமோ பேசியிருக்க வேண்டும். இரண்டு மணிக்குள் அந்த வேலைக்காரியை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து சேர்க்கச் சொன்னார்கள். சரி சார் என்று சொல்லிச் செல்போனை வைத்தாள்.

1.05.

வந்தவர்களுக்கென்று சமைத்தது வீணாகக் கூடாது என்று மாரியாத்தாள் இலை போட்டாள். அவளே பரிமாறினாள். ரித்திகாவும் ஆசிப்பும் பேருக்குக் கொறித்தார்கள். லட்சுமணசாமி சர்க்கரை வியாதி என்று சொல்லி, வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் கேரியரை வேனுக்குள் உட்கார்ந்து பிரித்தார். வருடத்துக்கு நாலு தடவை வந்தாலும் அப்படித்தான் என்று ஆசிப் மெதுவாகச் சொன்னான்.

கருப்புசாமி வால்பாறை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர், சாப்பாட்டில் கொஞ்சம் கறார். பருப்பைப் பிசைந்து ஒரு வாய் போட்டவர் முகத்தைச் சுளித்தார்.

"உப்பு இருக்கு, புளி இருக்கு. என்னமோ குறையுது மேடம். ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி."

மதிவதனி பருப்பைப் பார்த்தாள். ரசத்தை ஒரு வாய் குடித்தாள். மறுபடியும் ஒரு வாய். எழுந்து கை கழுவிவிட்டுச் சமையலறைக்குப் போய், அடுப்பு மேடையைச் சுற்றிப் பார்த்தாள். எண்ணெய்ச் சட்டி கவிழ்த்து வைத்திருந்தது. அதன் அடியில் விரலால் தேய்த்தாள். விரலில் தூசி.

வெளியே வந்தபோது மணி 1.25. எல்லோரையும் கண்ணாடிப் பெட்டி இருந்த அறைக்கு வரச் சொன்னாள்.

லட்சுமணசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாவுதுங்க. அவளை ஜீப்புல ஏத்தினா நாங்களும் கெளம்பீருவோம்."

"ஒரே ஒரு சந்தேகமுங்க. அக்கா உள்ளேயேதான் இருந்தாங்கன்னு சொன்னீங்க. அதை இன்னொரு வாட்டி சொல்லுங்க."

அவர் சலிப்போடு சொன்னார். கடுகு, வரமிளகாய், தும்மல். ஒன்றும் மாறவில்லை.

மதிவதனி மாரியாத்தாள் பக்கம் திரும்பினாள். "அக்கா, கம்பம் நட்டு எத்தனை நாளாச்சு?"

"எட்டு நாளுங்க."

"எட்டு நாள்ல எத்தனை தடவை தாளிச்சீங்க?"

மாரியாத்தாள் திகைத்துப்போனாள். கேட்கவே கூடாததைக் கேட்டதுபோல் இருந்தது அவள் முகம்.

"கம்பம் இருக்கறப்ப யாருங்க தாளிப்பாங்க? ஊருக்கே ஆகாதுங்க. எண்ணெச் சட்டியக் கவுத்துப்போட்டா, புடுங்கின பொறவுதான் நிமுத்தறது."

தன் இலையில் என்ன குறைந்தது என்பதைக் கருப்புசாமி அப்போதுதான் கண்டுபிடித்தார்.

"இந்தப் பள்ளத்துல எந்த வீட்டுலயும் எட்டு நாளாக் கடுகு வெடிக்கலை," என்றாள் மதிவதனி. "உங்க காதுல மட்டும் எப்படி விழுந்துச்சுங்க? நீங்க பலாமரத்தடியில இல்லை. அக்கா மேட்டுக்குப் போனதும் ஆணியில இருந்த சாவியை எடுத்து இந்த அறைக்கு வந்தீங்க. நோட்டை எடுத்துப் பூட்டிட்டு, சாவியைத் திருப்பி மாட்டினீங்க. பழியை அவங்க மேல போட, அவங்க வெளியே வரலைன்னு சொல்லணும். பொம்பளை சமையக்கட்டுல இருந்தா என்ன செய்வா, தாளிப்பான்னு நீங்களா நெனச்சுக்கிட்டீங்க."

"ஊகம்," என்றார் லட்சுமணசாமி. "நோட்டு எங்கன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"பொன்னாடை ரித்திகா மடியில இருக்கு. காலைலயே போர்த்தியாச்சு. வெறும் பெட்டிக்கு ரிப்பன் கட்டி, சாப்பிடப் போறப்பவும் கையில வச்சிருக்கீங்களே, எதுக்குங்க?"

அவர் கை பெட்டியை இறுக்கியது. கருப்புசாமி இந்தத் தடவை பெரிய மனிதர் என்று பார்க்கவில்லை. ரிப்பனை அவிழ்த்தார். சரிகைத்தாளுக்கு அடியில் நீல அட்டை.

"சர்க்கரைக்கு ஆகாதுன்னாலும் அவங்க ரசத்துல ஒரு வாய் குடிச்சிருந்தா, இப்பவாச்சும் மாத்திச் சொல்லியிருப்பீங்க," என்றாள் மதிவதனி. "இந்தச் சமையக்கட்டுல வளர்ந்தவர்ங்கறீங்க. அங்க என்ன நடக்குதுன்னு பார்த்து ரொம்ப வருஷம் ஆச்சு போல."

ரித்திகா நோட்டைக் கடைசியிலிருந்து புரட்டினாள். அச்சுப் புத்தகம் முடியும் இடத்துக்குப் பிறகு இன்னும் ஒரு பக்கம் இருந்தது. அதே உருண்டைக் கையெழுத்து. அவள் படித்தாள்.

"இந்தக் கதை முழுவதும் மாரியாத்தாள் எனக்குச் சொன்னது. நான் எழுதியது மட்டுமே. அட்டையில் என் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரும் வர வேண்டும்."

லட்சுமணசாமி சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எங்க அத்தை பேருக்குப் பக்கத்துல, ஊடு கூட்டறவ பேரா? ஒன்பது வருசம் மேடை மேடையாப் பேசியிருக்கறனுங்க நான்."

1.50.

ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. பின் இருக்கையில் லட்சுமணசாமி, பக்கத்தில் கருப்புசாமி. மதிவதனி ஏறப்போனவள் நின்றாள். மாரியாத்தாள் ரித்திகாவிடமிருந்து நோட்டை வாங்கி, அந்தப் பக்கத்தைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடமாகத் தினமும் துடைத்த நோட்டு. தொட்டுப் புரட்டக் கூடாது என்று சொன்னதால் அவள் ஒரு நாளும் புரட்டியதில்லை.

இரண்டு தடவை படித்தாள். தன் பெயர் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, நோட்டை மூடி ரித்திகாவின் கையில் கொடுத்தாள்.

"போட்டோ எடுத்துக்க கண்ணு. எனக்குச் சாயங்காலம் கம்பத்துக்குத் தண்ணி ஊத்தோணும், தழை வேற வாடிப்போச்சு," என்று சொல்லி, வாடிய தழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தாள்.