பபூஷை ஓட்டப்போவது யார்?

"இடிச்சிட்டான்! மறுபடியும் இடிச்சிட்டான்!"

வகுப்பறையே சிரித்தது. இஸ்கந்தர் ஓட்டிய ரோபோ பந்தைக் கவ்விக்கொண்டு திரும்பி வரும்போது, நேராகச் சுவரில் போய் முட்டி நின்றது.

அந்த ரோபோவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பபூஷ். அவர்கள் ஊர்ப் பேச்சில் நத்தை என்று அர்த்தம். பந்துகளை எடுத்து வந்து கூடையில் போடும் ரோபோ போட்டிக்கு, ஸ்ஃபாக்ஸ் நகரப் பள்ளியின் அணிக்கு ஒரே ஓட்டுநர்தான் வேண்டும். கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர்: இஸ்கந்தர், ரிஹாம். வியாழக்கிழமை இறுதித் தேர்வு.

ரிஹாம் மட்டும் சிரிக்கவில்லை. பபூஷ் முன்னே போகும்போது இஸ்கந்தரை யாராலும் நெருங்க முடியாது. அது அவனைப் பார்த்துத் திரும்பி வரும்போதுதான் அவனுக்கு இடமும் வலமும் குழம்பிவிடுகிறது. இதை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

'வாயை மூடிக்கொண்டிருந்தால் நான்தான் ஓட்டுநர்!'

நினைக்கவே இனித்தது. ஆனால், மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த இஸ்கந்தரைப் பார்த்ததும் அந்த இனிப்பு போய்விட்டது.

"டேய், எழுந்து வெளிய வா."

"எதுக்கு? நீயும் சிரிக்கவா?"

"இல்லடா. நான்தான் பபூஷ். நீ என்னை ஓட்டு."

மைதானத்தில் அவள் ஓர் அட்டைப்பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். உள்ளே ஒரே இருட்டு.

"நேரா வா... இப்போ இடது! ஐயோ, அந்த இடது இல்ல!"

ரிஹாம் ஆலிவ் மரத்தில் போய் மோதினாள்.

"யாரோட இடதுடா? நான் உன்னைப் பார்த்து வர்றேன்ல? நீ இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறதா நெனச்சுக்கோ!"

மூன்று நாள் பயிற்சி. ரிஹாமின் முழங்காலில் இரண்டு சிராய்ப்பு. மூன்றாம் நாள், ஒரு மரத்திலும் மோதாமல் அவளைக் கொண்டுவந்து சேர்த்தான் இஸ்கந்தர்.

வியாழக்கிழமை ரிஹாம் எட்டுப் பந்துகளைக் கூடையில் போட்டாள். இஸ்கந்தர் ஒன்பது!

ரிஹாம் பலமாகக் கைதட்டினாள். கண்தான் கொஞ்சம் கலங்கியது.

"ஓட்டுநர் இஸ்கந்தர்" என்றார் வஃபா டீச்சர். "ஆனா, பக்கத்துல நின்னு வழி சொல்ல ஒருத்தர் வேணும். மைதானத்துல நடந்ததை ஜன்னல் வழியா பார்த்துட்டுதான் இருந்தேன். ரிஹாம், நீ செய்றியா?"

"செய்றேன் டீச்சர்!"

தலைநகர் தூனிஸில் இறுதிப் போட்டி. இரண்டு அணிக்கும் சமமான புள்ளிகள். பத்தே நொடி மிச்சம். கூடைக்கு எதிரே போய் நின்ற பபூஷின் கை அப்படியே மடங்கிப்போனது. பந்து கீழே விழுந்தது.

"ரிஹாம், கை தூக்க மாட்டேங்குது!"

அரங்கமே கத்தியது. ரிஹாம் கத்தவில்லை. கூடையை உற்றுப் பார்த்தாள்.

"கை வேணாம். கூடைக்கு அடியில வாசல் இருக்கு பாரு, அது வழியா போனாலும் புள்ளிதான். மெதுவா உருட்டித் தள்ளு!"

இஸ்கந்தர் தள்ளினான். பந்து உருண்டது, வாசலில் தயங்கி நின்றது, பிறகு பொத்தென்று உள்ளே விழுந்தது. மணி அடித்தது.

"ஜெயிச்சிட்டோம்!"

திரும்பும் வழியில் பேருந்தில் ஒருவரும் உட்காரவில்லை. கோப்பையின் ஒரு காதை ரிஹாமும் மறு காதை இஸ்கந்தரும் பிடித்துக்கொண்டார்கள். ஊர் வரும்வரை இரண்டு பேரும் கையை எடுக்கவேயில்லை.