அக்கா கம்பெனிக்குப் போகிறாள்

தேஜஸ்ரீக்குப் பெருமை வந்துவிட்டால் வாய் சும்மா இருக்காது. திருப்பூர் ராயபுரத்தில் அவள் குடியிருக்கும் தெருவில் எதிரே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியாக வேண்டும்.

“எங்க வர்ஷினி அக்கா கம்பெனிக்குப் போகுதுங்க!”

பால்காரரிடம் சொன்னாள். இஸ்திரி போடுகிறவரிடம் சொன்னாள். மூலைக்கடை அக்பர் மாமாவிடம் இரண்டு தடவை சொன்னாள்.

வர்ஷினி பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டை முடித்திருந்தாள். வீரபாண்டியில் பின்னல் இயந்திரங்கள் தயாரிக்கும் ஒரு கம்பெனி, இந்த விடுமுறையில் அவளை ஆறு வாரப் பயிற்சிக்கு எடுத்திருந்தது. எண்பது பேர் தேர்வு எழுதி, ஐந்து பேருக்குத்தான் இடம் கிடைத்தது. அந்தப் பயிற்சிக்கு ‘இன்டர்ன்ஷிப்’ என்று பெயர். அந்தச் சொல் ஐந்தாம் வகுப்பு தேஜஸ்ரீயின் வாயில் நுழைய மறுத்தது. அதனால் அதை விட்டுவிட்டு, ‘கம்பெனி’ என்று மட்டும் சொன்னாள்.

வந்தது வினை!

திருப்பூரில் கம்பெனி என்றால் பனியன் கம்பெனிதான். ஒரு பெண் கம்பெனிக்குப் போகிறாள் என்றால், படிப்பை நிறுத்திவிட்டுத் தையலுக்கோ செக்கிங்குக்கோ போகிறாள் என்றுதான் யாருக்கும் தோன்றும். தெருவே அப்படித்தான் நினைத்தது. நன்றாகப் படித்த பெண்ணாயிற்றே என்று வருத்தமும் பட்டது. தேஜஸ்ரீக்கு மட்டும் இது தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். அக்கா வேலைக்கு மாட்டிக்கொள்ளும் இரண்டு கோட்டுகளில் ஒன்றைத் தேஜஸ்ரீ வாசல் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அக்பர் மாமா கடைப் பக்கமிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி கோப்புடன் வந்தார்.

“வர்ஷினி வீடு இதுதானா பாப்பா?”

“ஆமாங்க. நீங்க யாருங்க?”

“என் பேர் இந்துமதி. சென்னையிலேருந்து வர்றேன். உங்கக்கா எங்க அறக்கட்டளைகிட்ட படிப்புக்கு உதவித்தொகை கேட்டிருந்தாங்க. அதான் விசாரிக்க வந்தேன். போன் போட்டா எடுக்கலையே?”

தேஜஸ்ரீ நிமிர்ந்து நின்றாள். அந்த உதவித்தொகை கிடைத்தால்தான் அக்கா மீதி இரண்டு வருடமும் படிக்க முடியும் என்று அப்பா சொல்லியிருந்தார். எவ்வளவு முக்கியமானவர் வந்திருக்கிறார்! இவரிடமும் பெருமையைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

“போனெல்லாம் கேட்லயே வாங்கி வெச்சுக்குவாங்க மேடம். அக்கா கம்பெனிக்குப் போகுதுங்க!”

இந்துமதியின் முகம் வாடிவிட்டது.

“கடைக்காரரும் அதான் சொன்னார். அப்போ உண்மைதான் போல. படிக்கிறவங்களுக்குத்தான் நாங்க பணம் தருவோம். படிப்பை நிறுத்தினவங்களுக்குத் தர முடியாதும்மா. நான் வர்றேன்.”

தேஜஸ்ரீக்குப் பகீரென்றது. “அக்கா படிப்ப நிறுத்தலீங்களே!”

“நீயே கம்பெனிக்குப் போகுதுன்னு சொன்னியே?”

“நான் அரைகுறையாச் சொல்லிட்டேனுங்க. முழுசாக் கேட்டுட்டுப் போங்க மேடம்!”

இந்துமதி நின்றார். “சரி. அக்கா படிக்கிறாங்கன்னு காட்ட வீட்ல ஏதாவது கடிதம் இருக்கா?”

“பீரோவுல இருக்குதுங்க. சாவி அம்மாகிட்ட.”

“அம்மா எங்கே?”

“கம்பெனிக்கு...” தேஜஸ்ரீ நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அது பனியன் கம்பெனிங்க. அம்மா ஓவர்லாக் டைலர். அவங்கள மாதிரி யாரும் நேராத் தைக்க முடியாது. அம்மா ஊட்டுக்கு வந்தா தலையெல்லாம் பஞ்சா இருக்கும். அக்கா வந்தா கையெல்லாம் கிரீஸ். இந்தக் கோட்டப் பாருங்க, ரெண்டு தடவ தொவச்சும் போகல.”

சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். ஒரு தீப்பெட்டியுடன் வந்து திறந்து காட்டினாள். உள்ளே வளைந்துபோன ஊசி ஒன்று இருந்தது.

“இது பின்னல் மெஷின் ஊசிங்க. ஒரு மெஷின்ல ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கும். அதுல ஒண்ணு வளஞ்சாலும் துணியில நெட்டுக்குக் கோடு உழுந்துரும். காலேஜ் லீவுல இந்த மெஷினு செய்யற கம்பெனியில, ஊசி கெட்டா தானா நிக்கற மாதிரி செய்யறதுக்கு அக்கா கத்துக்குது.”

இந்துமதி ஊசியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “எனக்கு நம்பிக்கை வருது பாப்பா. ஆனா அக்கம்பக்கத்துல ஒருத்தர் சொல்றதை இந்தப் படிவத்துல எழுதணும். கடைக்காரர் சொன்னதை எழுதிட்டேனே!”

“அப்ப வாங்க மேடம், கடைக்கே போலாம்.”

ஈரக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு தேஜஸ்ரீ முன்னால் நடந்தாள்.

அக்பர் மாமா திகைத்துப் போனார். “ஏங் கண்ணு, நீதான ரெண்டு தடவ சொன்ன?”

“ஆமாங்க மாமா. தப்பு என்னுதுதான்.” சொல்லும்போது அழுகை வந்தது. ஆனாலும் விடாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். பாதியில் அவள் கண் அக்பர் மாமாவின் டி-சர்ட்டில் போய் நின்றது.

“மாமா! உங்க டி-சர்ட்லயும் கோடு!”

கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் மெல்லிசாக ஒரு கோடு ஓடியது.

“இது டிசைன் கண்ணு. நேத்துத்தான் வாங்குனேன்.”

“டிசைன் இல்லீங்க மாமா. நீடில் லைன். ஊசி கெட்டுப்போன மெஷின்ல ஓடுன துணி.”

அக்பர் மாமா குனிந்து குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். இந்துமதி வாய்விட்டுச் சிரித்தார். தேஜஸ்ரீயின் தோளில் கிடந்த ஈரக் கோட்டின் பையில் கம்பெனியின் பெயரும் தொலைபேசி எண்ணும் தைக்கப்பட்டிருந்தன. அந்த எண்ணுக்குப் பேசினார்.

“வர்ஷினிங்களா?” என்றது எதிர்முனைக் குரல். “நம்ம இன்டர்ன் புள்ளைங்க. மெஷினுக்கு அடியில படுத்துட்டிருக்குது. கூப்பிடட்டுங்களா? காலேஜ் தொறந்தா போயிரும்னு எங்களுக்கே வருத்தமா இருக்குதுங்க.”

“வேண்டாங்க. அவங்க வேலையைப் பார்க்கட்டும்” என்றார் இந்துமதி. படிவத்தில் ஒரு வரியை அடித்தார். அக்பர் மாமா புதிதாகச் சொல்லச் சொல்ல எழுதி, அவரிடமே கையெழுத்தும் வாங்கினார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இரண்டு வருடக் கட்டணமும் அறக்கட்டளையே கட்டும்!

வேலையிலிருந்து வந்த வர்ஷினி, கைகூடக் கழுவாமல் தங்கையைக் கட்டிக்கொண்டாள். தேஜஸ்ரீயின் மஞ்சள் சட்டையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. அதை யாரும் துவைக்கக் கூடாது என்று தேஜஸ்ரீ அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் கடையில் ஒருவர் சோப்பு வாங்கிக்கொண்டே கேட்டார்: “ஏனுங்க பாய், அந்த வர்ஷினிப் புள்ள தெனமும் எங்க போகுது?”

“கம்பெனிக்குங்க” என்றார் அக்பர் மாமா.

“அடப் பாவமே...” என்று அவர் நகரப் பார்த்தார்.

அக்பர் மாமா சோப்பை விடாமல் பிடித்துக்கொண்டார். “இருங்க இருங்க. முழுசாக் கேட்டுட்டுப் போங்க!”