இன்னொரு டேக்

அம்புரோஸ் பாட வாயைத் திறப்பதற்கு முன்பே ஹெட்போனில் யாரோ மூச்சை இழுத்தார்கள். ஃப்ளோரா திரும்பப் போட்டுக் கேட்டாள். ஈரமான, சளி கட்டிய மூச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கின் முன்னால் தனியாக நின்ற அவள் புருஷனுக்கோ மூக்கடைப்புகூட இல்லை.

பட்டப்பகல். பழைய மெத்தைகளைச் சுவரில் அறைந்து ஸ்டூடியோ ஆக்கிய தண்டையார்பேட்டை குடோன் அது. வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு வரிசையில் நின்றன. அந்த அதிர்வு தரை வழியே ஏறி அவள் பல்லைக் கூசவைத்தது. அப்படி ஒரு லாரிதான் போன வருஷம் எண்ணூர் ரோட்டில் ஜெயவேல் மேல் ஏறியது. பேண்டின் குரலே அவன்தான். முதல் ஆல்பத்தை ராயபுரமே தலையில் தூக்கி வைத்து ஆடியது. அவன் போன பிறகு மிச்சமிருந்த மூன்று பேரும் செய்யும் இரண்டாவதை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. முடிக்காமல் விடமாட்டேன் என்று அம்புரோஸ் ஒற்றைக்காலில் நின்றான். அந்த வீம்பு அவளுக்குப் பிடித்தும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கடைசிப் பாட்டு ஜெயவேலுக்கான மரண கானா. பிணம் வீட்டில் கிடக்கும்போது, பேர் சொல்லி எழுந்து வா என்று கூப்பிட்டுப் பாடுவது. பிணத்தை எடுத்த பிறகு அந்தப் பேரை எந்தக் கானாக்காரனும் கூப்பிட மாட்டான். ஜெயவேலை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் குழிக்குக் கொண்டுபோனதால் அவனுக்கு யாருமே பாடவில்லை. அந்தக் குறை அம்புரோஸை அரித்துக்கொண்டே இருந்தது. ஒருதரம் பாடினால் தப்பில்லை என்று ட்ரம்ஸ் அடிக்கும் மொஹ்சினும் தலையாட்டிவிட்டான். ரெக்கார்டிங்கில் எது ஒருதரத்தோடு நின்றிருக்கிறது? சுருதி விலகியது, இன்னொரு டேக். தாளம் தப்பியது, இன்னொரு டேக். காலையிலிருந்து ஜெயவேலைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"போதும், வெளிய வா," என்றாள் ஃப்ளோரா. "எனுக்கு இன்னாவோ மாதிரி கீது."

"ஒண்ணே ஒண்ணு. அவன் பேரை ஒயுங்கா சொல்லணும்."

பாடினான். டீசலும் பச்சை ரத்தமும் கலந்த வாடை ஏசி காற்றில் வந்தது. பேரைக் கூப்பிட்ட இடத்தில் குரல் உடைந்தது. அடுத்த அடியைப் பாடியது அம்புரோஸ் இல்லை. ஊருக்கே தெரிந்த குரல் அது.

"ஜெயவேலுடா," என்றான் ஃப்ளோராவின் பக்கத்தில் நின்ற மொஹ்சின்.

அம்புரோஸின் கண்கள் அவளைக் கெஞ்சின. வாய் மட்டும் நிற்கவில்லை. உதட்டோரம் கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. அவள் மெயின் ஸ்விட்சை அணைத்தாள். பாட்டு நிற்கவில்லை. கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாளே இல்லாத கதவு. திறக்கவில்லை.

மொஹ்சின் ஸ்டூலால் கண்ணாடியை அடித்தான். விரிசல். மறுபடி அடித்தான்.

அம்புரோஸின் தொண்டைக்குள்ளிருந்து விரல்கள் வந்தன. கீழ்ப்பல் வரிசையைப் பிடித்தன. இழுத்தன. எலும்பு முறிந்தது.

கண்ணாடி நொறுங்கியது. கை கிழிய உள்ளே குதித்தாள். அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டாள். நாடியைத் தேடினாள். இல்லை. செத்துவிட்டான்.

கரண்ட் இல்லாத ஸ்பீக்கரில் கானா முதலிலிருந்து தொடங்கியது. அதே குரல். பேர் மட்டும் வேறு.

"அம்புரோசு, எய்ந்து வா."

தாடை நெஞ்சின் மேல் தொங்க, அவள் மடியிலிருந்து அவன் எழுந்தான். மைக்கின் முன்னால் போய் நின்றான்.