தூங்கிக்கொண்டிருந்த மண்

நாஸியாவின் அம்மா ரோஷன் பீ தளி என்ற ஊரில் இருந்தவரை, தெருவில் யார் தோட்டம் போட்டாலும் முதல் நாற்றை அவர்தான் நட வேண்டும். அவருக்குக் கைராசி அதிகம், அவர் தொட்டு வைத்தால் தோட்டமே பிழைத்துக்கொள்ளும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். அம்மாவும் நம்பினார்.

போன வருடம் அத்தாவுக்கு ஓசூர் கம்பெனியில் வேலை நிரந்தரமானது. உத்தனப்பள்ளி சாலையில் ஒரு புது லேஅவுட்டில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வந்த வாரமே அம்மா வாசலில் கீரை விதைத்தார். முளைக்கவில்லை. வெண்டை விதைத்தார். நான்கு செடிகள் எட்டிப் பார்த்தன. ஊர் பிடிக்கவில்லை போலிருக்கிறது, மஞ்சளாகிச் செத்துப்போயின. பிறகு கொத்தமல்லி. அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தளியிலிருந்து பாப்பம்மா போன் செய்தார். பழைய பக்கத்து வீட்டுக்காரர். அமாவாசை கழிந்ததும் சாமந்தி நடப்போவதாகவும், முதல் நாற்றை ரோஷன் பீ வந்துதான் நட வேண்டும் என்றும் சொன்னார். அமாவாசைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

“என் கைராசி போயிருச்சுக்கா. வேற யாரையாச்சும் வெச்சு நட்டுக்கோங்க” என்றார் அம்மா.

போனை வைத்த பிறகு தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். 

அன்று மதியம் நாஸியா வாசல் மண்ணில் குப்புறப் படுத்து, காதைத் தரையில் வைத்துக்கொண்டாள். மண் எல்லாம் ஒரு காலத்தில் பாறையாக இருந்தது என்று வினிதா டீச்சர் வகுப்பில் சொல்லியிருந்தார். வெயில் பாறையைப் பிளக்கும், மழை கரைக்கும், வேர் புகுந்து நொறுக்கும். புல்லும் இலையும் புழுவும் மக்கிச் சேரும். ஒரு விரல் உயரம் நல்ல மண் சேர நூறு நூறு வருடங்கள் ஆகுமாம்.

நாஸியா கண்ணை மூடினாள். எத்தனை மழை பெய்திருக்கும்? எத்தனை இலை விழுந்திருக்கும்? மண்ணுக்குள் மெல்ல மெல்ல இறங்குவதுபோல் இருந்தது. உள்ளே இருட்டாகவும் குளுகுளுவென்றும் இருந்தது. எங்கோ ஒரு பாறை சோம்பல் முறித்தது. வேர்கள் வழிவிட்டன. அத்தா வந்து எழுப்பியபோது அவள் கன்னமெல்லாம் வெள்ளையாகப் புழுதி ஒட்டியிருந்தது.

மறுநாள் தண்ணீர்க் குழாய் பதிக்க, தெருவோரம் நீளமாகப் பள்ளம் தோண்டினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த நாஸியா குனிந்து பார்த்தாள். பக்கத்துக் காலி மனையின் ஓரத்தில் மேலே கறுப்பு மண், அதற்குக் கீழே செம்மண், அடியில் கையால் நொறுக்கலாம் போன்ற வெள்ளைக் கல். டீச்சர் வரைந்த படம் அப்படியே இருந்தது.

அவள் வீட்டுக்கு எதிரே வந்ததும் படம் மாறியது. வெள்ளைக் கல் மண் மேலே கிடந்தது. கறுப்பு மண் அதற்குக் கீழே இருந்தது. அதில் காய்ந்த புல்கூட அப்படியே இருந்தது.

பள்ளத்துக்குள் நின்று குழாய் பதித்துக்கொண்டிருந்த முத்துமணி அண்ணனிடம் ஏன் இப்படி என்று கேட்டாள்.

“வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுனாங்கல்ல கண்ணு? ஆழத்துல இருந்த மண்ணை எடுத்து மேல கொட்டி சமம் பண்ணிட்டாங்க. இந்த லேஅவுட்டு பூரா இதே கதைதான்.”

நல்ல மண் எங்கும் போகவில்லை. வெள்ளை மண் போர்வைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. நாஸியா முத்துமணி அண்ணனிடம் கேட்டு இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்களில் மண் வாங்கிக்கொண்டாள். ஒன்றில் கறுப்பு, ஒன்றில் வெள்ளை. வீட்டுக்கு ஓடி, சிறுகீரை விதையை எடுத்துத் தூவப் போனவள் சட்டென்று நின்றுவிட்டாள்.

தான் விதைத்து முளைத்தால் அம்மா என்ன சொல்வார்? மகளுக்குக் கைராசி வந்துவிட்டது என்பார். அதோடு தன் கதை முடிந்தது என்றும் நினைத்துக்கொள்வார்.

நாஸியா மருதாணிக் கோனைத் தேடி எடுத்தாள். இரண்டு உள்ளங்கையிலும் கோணல்மாணலாகப் பூ வரைந்துகொண்டாள். அப்புறம் கைகளை விரித்தபடி அடுப்படிக்குப் போனாள்.

“அம்மா, அறிவியல் பரிசோதனை. ரெண்டு டப்பாலயும் விதை போடணும். என் கை ஈரமா இருக்கு.”

“மண்ணுல வேலை இருக்கிறப்பதான் மருதாணி வைப்பியா? என் கையில போட்டா முளைக்காதுடி.”

“பரவால்ல, போடும்மா.”

அம்மா முணுமுணுத்துக்கொண்டே இரண்டிலும் ஒரே அளவு தூவினார். நாஸியா தினமும் இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் தெளித்தாள்.

ஒன்பதாம் நாள் காலை அம்மா பல் விளக்கப் போனவர் திகைத்து நின்றார். கறுப்பு மண் டப்பா நிறையக் குட்டிக் குட்டிப் பச்சை. வெள்ளை மண்ணில் மூன்றே மூன்று மஞ்சள் நூல்கள்.

“ரெண்டுலயும் நான்தான போட்டேன்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஆமாம்மா. கை ஒண்ணுதான். மண்ணுதான் வேற.”

நாஸியா பள்ளத்தில் பார்த்ததையெல்லாம் சொன்னாள். அம்மா கறுப்பு மண் டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“பாப்பம்மாக்கா, நடவுக்கு ஆள் பார்த்துட்டீங்களா? இல்லல்ல? அமாவாசை கழிஞ்சதும் மொத பஸ்ஸைப் புடிச்சு நானே வந்துர்றேன். நாஸியாவையும் கூட்டிட்டு வர்றேன். ரெண்டாவது நாத்தை அவ நடட்டும்.”