குளிர்ந்த குடைவு

முந்தின நாள் மாலை நனைத்துப் போட்ட துண்டுகளில் ஒன்று மட்டும் இன்னும் காயவில்லை.

கூடாரத்துக் கயிற்றில் கிடந்த இரண்டும் மொடமொடவென்று விறைத்துப்போயிருந்தன. நீர்த்தேக்கத்தின் கரை சரிந்து குடைவாகியிருந்த இடத்தில், வெளியே நீட்டிக்கொண்டிருந்த வேர் ஒன்றில் அவள் போட்டிருந்த துண்டு மட்டும் சொட்டச் சொட்டத் தொங்கியது. அந்த வெயிலில் அதைக் கண்டதும் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. கழுத்தில் சுற்றிக்கொள்ளலாமென்று பிடித்து இழுத்தாள். துண்டு வந்தது. அதோடு வேரிலிருந்து ஏதோ ஒன்று நூல் நூலாக நீண்டு, தொய்ந்து, அறுந்து, அவள் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. வெறும் தண்ணீர் அப்படி இழுபடாது.

அவள் பல் மருத்துவர். அடுத்தவர் வாய்க்குள் விரல் விட்டே பதினைந்து வருடம் பிழைத்தவள்; எச்சிலும் சீழும் அவளுக்குப் பழகிப்போனவை. ஆனால் அங்கே கையில் உறை இருக்கும். இங்கே வெறும் தோல். மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனாள். பல நாள் காய்ச்சலில் கிடந்தவர் முதல்முறையாக வாயைத் திறந்தால் வருமே, அந்த வாடை. துண்டை வீசிவிட்டு, சுடு மணலை அள்ளித் தோல் சிவக்கும்வரை தேய்த்தாள். மணல்தான் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டது; பிசுபிசுப்பு போகவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கணவன் கிண்டலடிப்பான்.

இங்கே வந்ததே அவன் பிடிவாதத்தால்தான். கட்டடம் கட்டும் இடங்களில் கிரேன் ஓட்டுகிறவன். உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் நாளெல்லாம் வெந்துகொண்டிருக்கிறவன் என்பதால், வெயில் தனக்குச் சொந்தக்காரன் மாதிரி என்று சொல்லித் திரிவான். லீவு கிடைத்ததும், தண்ணீரோரமாகக் கூடாரம் போட்டால் குளுகுளுவென்று இருக்கும் என்று அவளையும் தன் தங்கையையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டான். தங்கை நீச்சல் பயிற்சியாளர். கண்ணாடி, தொப்பி சகிதமாக வந்தவளுக்குக் கிடைத்தது கணுக்கால் ஆழத்தில் ஒரு பச்சைக் குழம்பு. தேக்கம் வற்றி, ஓரமெல்லாம் மீன்கள் வயிறு வெளுத்துக் கிடந்தன. இதில் நீந்துவதற்குப் பேசாமல் வாளியில் குதிக்கலாம் என்று தங்கை அண்ணனைக் காய்ச்சி எடுத்தாள்.

குளிர்ச்சிக்காக அவர்கள் செய்யாத வேலை இல்லை. கூடாரத்துக்கு மேலே இடைவெளி விட்டு வெள்ளைப் போர்வை கட்டினார்கள். தண்ணீர்ப் பாட்டில்களுக்கு ஈரக் காலுறை மாட்டி மண்ணில் புதைத்தார்கள். அக்குளிலும் பிடரியிலும் ஈரத்துணி வைத்துக்கொண்டார்கள். அது கொஞ்ச நேரத்தில் சூடாகி, புளித்து, தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டது. ஐஸ் பெட்டியைத் திறந்தால் வெதுவெதுப்பான சிவந்த தண்ணீரில் கோழி இறைச்சிப் பொட்டலம் உப்பிப்போய் மிதந்தது. மூடியை அவள் அழுத்தி மூடிய பிறகும் அந்த நாற்றம் அடித்தொண்டையிலேயே தங்கிவிட்டது. கூடாரத்துக்குள் பிளாஸ்டிக் வெந்த வாசனை. வெளியே ஈக்கள். மூடிய உதடுகளின் ஓரத்திலும் வந்து உட்காருகிற, கொழுத்த, சோம்பேறி ஈக்கள்.

வெயில் சாய்ந்ததும் கிளம்பிவிடுவது என்று முடிவாயிற்று. கார் மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. நிழலே இல்லாத ஏற்றம். உச்சி வெயிலில் அதில் நடக்க வேண்டாமென்று அவள்தான் தடுத்தாள். கணவனுக்குச் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. கிளம்பும்போது அவசரமாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே கூடார முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தான். இரண்டு பெண்களும் கத்தியும் கேட்கவில்லை. மூன்றாவது முளையில் கை வைத்தவன் அப்படியே மண்டியிட்டான். யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பிறகு பக்கவாட்டில் சரிந்தான்.

அவள் தொட்டுப் பார்த்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது உடம்பு. பொட்டு வியர்வை இல்லை. எந்த ஊர் என்று கேட்டால் ஏதோ ஒரு எண்ணைச் சொன்னான். வெயில் தாக்கிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. உடனே உடம்பைக் குளிர்விக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் புரிந்தது.

நாத்தனார் கார் சாவியை எடுத்துக்கொண்டாள். மேட்டில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும்.

"அண்ணி, நான் ஓடிப் போய் ஆளைக் கூட்டிட்டு வரேன். அண்ணாவை எப்படியாவது நிழலுக்கு இழுத்துடுங்க."

முளை பிடுங்கிய கூடாரம் சரிந்து கிடந்தது; மிச்சமிருந்த ஒரே நிழல் அந்தக் குடைவுதான்.

ஒரு நொடி தயங்கினாள். அந்தத் துண்டு, அந்த நூல். பிறகு கணவனின் முகத்தைப் பார்த்தாள். அக்குளில் கை கொடுத்து, குதிகால் மண்ணில் கோடு இழுக்க இழுக்க, இழுத்துக்கொண்டு போனாள்.

குடைவின் வாயிலேயே காற்று மாறியது. வெளியே நெருப்பு, ஓர் அடி உள்ளே வைத்தால் ஜில்லென்று ஈரக் காற்று முழங்காலில் மோதியது. மோதி, நின்று, பின்வாங்கி, மறுபடி மெதுவாக வந்தது. ஆள் ஒருவன் கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு ஆழம் இருந்தது. சுவரும் தரையும் சாம்பல் பூத்த இளஞ்சிவப்புக் களிமண்; வழவழவென்று, ஒரு கல்கூட இல்லாமல். வெளியே அத்தனை மொய்த்த ஈக்களில் ஒன்றுகூட உள்ளே வரவில்லை. அதை அவள் கவனித்தாள். ஆனாலும் அவனைத் திருப்பி, தலை வெளிப்பக்கமாக இருக்க, உள்ளே கிடத்தினாள். சட்டையைக் கழற்றினாள். அவன் முதுகு தரையில் பட்டபோது முத்தம் கொடுப்பது போன்ற சின்ன ஓசை கேட்டது.

அவன் பிழைத்துக்கொண்டான். அவள் கண்ணெதிரே சூடு இறங்கியது; கன்னத்துச் சிவப்பு வடிந்தது; மூச்சு சீரானது. கண்ணைத் திறந்து அவளை அடையாளம் கண்டு சிரித்தான்.

"டாக்டரம்மா, ஏசி போட்ட மாதிரி இருக்கு."

அவள் அழுதுவிட்டாள். திட்டவும் செய்தாள். எழுந்ததும் முதல் வேலையாகக் கிரேன் லைசென்ஸைக் கிழித்துப் போடப்போவதாகச் சொன்னாள். அவன் சரி சரி என்று தலையாட்டினான். தலை முழுதாக அசையவில்லை. பின்மண்டை எதிலோ பதிந்திருந்தது போல.

புதைத்து வைத்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துவரப் போனாள். திரும்பியபோது அவன் இன்னும் உள்ளே தள்ளிப் படுத்திருந்தான். முன்பு வாய்விளிம்பில் இருந்த தலை இப்போது ஒரு கை தூரம் உள்ளே. எதற்கு நகர்ந்தாய் என்று கேட்டாள். நகரவே இல்லையே என்றான். பொய் சொல்லும் குரல் இல்லை அது. தூக்கத்தின் விளிம்பில் இருக்கும் குரல்.

தண்ணீர் வேண்டாமென்றான். தாகமே இல்லையாம். உதடுகள் பளபளத்தன. மேலேயிருந்து, களிமண் கூரையிலிருந்து, கெட்டியாக ஒரு துளி இறங்கிக்கொண்டிருந்தது; விழாமல், அறுந்துபோகாமல், மெல்ல மெல்ல அவன் வாயோரம் வரை நீண்டது. அவன் நாக்கை நீட்டி அதை வாங்கிக்கொண்டான்.

அவள் அவன் தாடையைப் பிடித்தாள். துப்பு என்றாள். அவன் விழுங்கினான். அவன் விழுங்கிய அதே கணத்தில் அவள் முழங்காலுக்குக் கீழே தரையும் ஒருமுறை அசைந்து அடங்கியது.

எழுந்திரு, போகலாம் என்று கையைப் பிடித்தாள். கை குளிர்ந்திருந்தது. குளிர்ச்சி மட்டுமல்ல. நாளெல்லாம் தண்ணீரில் ஊறியது போல விரல்கள் வெளுத்து, சுருங்கி, கொழகொழத்திருந்தன. முதுகுக்கு அடியில் கை விட்டுத் தூக்கப் பார்த்தாள். எங்கே அவன் முடிகிறான், எங்கே மண் தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே மென்மை. இரண்டும் ஒரே வழுவழுப்பு. விரலை வெளியே எடுத்தாள். நகக்கண்களில் வெள்ளையாக, மெழுகு போல, ஏதோ சுருண்டு வந்திருந்தது. அதில் ரோமம் இருந்தது.

"வலிக்குதா?" என்றாள்.

"இல்லம்மா. இதமா இருக்கு. நீயும் வாயேன்."

அவள் வெளியே பாய்ந்து வந்து வாந்தியெடுத்தாள். வெயில் பிடரியில் அறைந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். குடைவு சிறுத்திருந்தது.

அவன் உள்ளே போகவில்லை. மண்தான் முன்னால் வந்துகொண்டிருந்தது. பாதங்களைக் காணோம். இடுப்பைக் காணோம். தோளும் முகமும், அவள் பக்கமாக நீட்டிய ஒரு கையும்தான் மிச்சம். இரண்டு ஓரமும் மெல்லத் தடித்து, ஈரமாக, ஒன்றையொன்று நோக்கி வந்தன.

ஓடினாள். நீட்டிய கையை இரண்டு கையாலும் பற்றினாள். காலைக் கரையில் ஊன்றினாள். இழுத்தாள்.

வந்தது.

சுலபமாக வந்தது. உறையைக் கழற்றுவது போல. தொளதொளவென்று, ஐந்து விரலோடு, நகத்தோடு, அவள் கைக்குள் வந்தது. உள்ளே கை இன்னும் நீண்டுதான் இருந்தது. சிவப்பாக. ரத்தம் வரவில்லை. அது விரல்களை மடக்கி, விரித்து, மறுபடி அவளைக் கூப்பிட்டது.

கையிலிருந்ததை உதறினாள். அது விழவில்லை. ஒட்டியிருந்தது. பாறையில் தேய்த்தாள். துணியில் தேய்த்தாள். அதற்குள் அவன் முகம் போய்விட்டது. போகுமுன் கண் மூடியிருந்தது. குழந்தை தூங்குவது போல.

கடைசியாக மிச்சமிருந்த பிளவுக்குள் அவள் கையை விட்டாள். மணிக்கட்டுவரை. முழங்கைவரை. அவனைத் தேடினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மண் வழிவிட்டது. தோள்வரை.

உள்ளே ஏதோ விரல்கள் அவள் விரல்களைக் கோத்துக்கொண்டன.

அவனா என்று தெரியவில்லை. விரல்கள் நிறைய இருந்தன.

அப்போதுதான் குளிர்ச்சி ஏறத் தொடங்கியது. கை வழியாகத் தோளுக்கு. தோளிலிருந்து கழுத்துக்கு. இரண்டு நாளாக வெந்துகொண்டிருந்த உடம்பு, அவளைக் கேட்காமலேயே பெருமூச்சு விட்டது. அந்த வாடை இப்போதும் அடித்தது; சீழ், புளிப்பு, மூடிக்கிடந்த வாய். குமட்டியது. குமட்டிக்கொண்டே ஆழமாக மூச்சை இழுத்தாள்.

மேட்டின் பக்கம் குரல்கள் கேட்டன. நாத்தனார் இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தாள்; பின்னால் ஸ்ட்ரெச்சரோடு இருவர். பாதி தூரத்திலேயே கூப்பிட்டாள்.

"அண்ணி, அண்ணா எங்க?"

கிட்ட வராதே என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாய் நிறைய எச்சில் ஊறியிருந்தது. தன்னுடையதா என்று தெரியவில்லை. கெட்டியாக, இனிப்பாக, மோவாயில் வழிந்தது.

"கையை எடுங்க அண்ணி. என்ன பண்றீங்க, கையை எடுங்க."

எடுக்கத்தான் நினைத்தாள். முழு பலத்தோடு காலை ஊன்றி உந்தினாள். கால் உந்தியது. உள்பக்கமாக.

நாத்தனார் வந்துவிட்டாள்; ஸ்ட்ரெச்சர்காரர்கள் இன்னும் பின்னால்தான். வியர்வையில் நனைந்து, முகம் சிவந்து, மூச்சு வாங்க, அண்ணியின் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். பிறகு இழுப்பது தளர்ந்தது. குடைவிலிருந்து வந்த காற்று அவள் முகத்திலும் பட்டிருக்க வேண்டும். "எவ்வளவு ஜில்லுன்னு இருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். யாரிடம் என்று தெரியவில்லை.

ஈரச் சுவர் அவள் கன்னத்துக்காகக் கொஞ்சம் குழிந்து இடம் கொடுத்தது. அதன் பக்கத்திலேயே, நாத்தனாரின் முகம் இருந்த உயரத்தில், இன்னொரு குழி மெல்ல விழத் தொடங்கியது.