ஈரல் நிறைய இரும்பு

பாளையங்கோட்டை வீட்டின் முன்னறையில் அன்று காலை ஐந்து பேர்.

சன்னலோரம் இன்ஸ்பெக்டர் குமரகுருபரன். பக்கத்தில் டாக்டர் சித்ரலேகா. எதிர் பெஞ்சில் துபாயிலிருந்து வந்த கிறிஸ்டி. வாசலருகே அவள் அண்ணன் ஜாஸ்பர். சமையலறைக் கதவை ஒட்டித் தரையில் அவன் மனைவி யூனிஸ்.

ஆர்மோனியத்தின் பின்னே ஒரு நாற்காலி மட்டும் காலி...

கிறிஸ்டி, ஜாஸ்பரின் அப்பா பாக்கியசீலன் போன வாரம் அதில்தான் செத்துக் கிடந்தார். சர்ச் பாடகர் குழுவின் முதல் குரல். முகத்தில் ரத்தமே இல்லாத வெளுப்பு!

சோகைக்கு எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரைகளை யூனிஸ் கொடுக்கவே இல்லை, அதனால்தான் செத்தார் என்பது கிறிஸ்டியின் புகார். ஜாஸ்பரும் மனைவியோடு பேசுவதை நிறுத்தியிருந்தான்.

"மாத்திரய எங்கன கொட்டுன, மைனி? அப்பா ஒன்னய மகள்னுதான சொல்லுவாங்க..."

யூனிஸ் நிமிரவில்லை. "என் கையாலதான் கொடுத்தேன், கிறிஸ்டி."

"அது நெசந்தான்," என்றார் டாக்டர்.



பிரேதப் பரிசோதனையில் ஈரல் நிறைய இரும்பு இருந்ததாம். ரத்தத்தில்தான் இல்லை.

"அதெப்படி மேடம்?" ஜாஸ்பர் எழுந்தேவிட்டான்.

"குடோன் நெறய நெல்லு. எடுத்து வண்டியில ஏத்த ஆளில்ல. அந்த ஆளுதான் தாமிரம். ஒங்க அப்பா ஒடம்புல அது அத்துப்போச்சு. கொடுத்த இரும்பெல்லாம் உள்ளயே முடங்கிட்டு."

"தாமிரம் எங்க போச்சு?"

இன்ஸ்பெக்டர் ஒரு குழாயை மேசையில் வைத்தார். பல்செட்டை ஒட்டவைக்கும் பசை. அதில் துத்தநாகம். அளவுமீறி வயிற்றுக்குள் போனால், குடல் தாமிரத்தை உள்ளே விடாது.

உச்சத்தில் பாடும்போது பல்செட் நழுவிவிடக்கூடாதே என்று, கீர்த்தனைக்குக் கீர்த்தனை அள்ளி அப்பியிருக்கிறார் பாக்கியசீலன். கட்டிலடியில் ஒரு சாக்கு நிறையக் காலிக் குழாய்கள்!

"இந்தப் பசை இங்கன கடையில கெடைக்கல. யாரு அனுப்புனா?"

கிறிஸ்டி அந்தக் குழாயைக் கையில் எடுத்தாள்.

"அப்பா பாடணும்னு... பெட்டி பெட்டியா... நாந்தான் சார்..."

யூனிஸ் எழுந்து வந்தாள். நாத்தனாரின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் சுதி தப்பாமத்தான் பாடுனாங்க, கிறிஸ்டி."

ஜாஸ்பர் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

அன்று பிற்பகல், குற்றம் எதுவுமில்லை என்று கோட்டாட்சியருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார் இன்ஸ்பெக்டர். கடிதத்தை உறையிலிட்ட ஏட்டு முத்துமாலை, விளிம்பில் கோந்தை வழிய வழிய அப்பினார்.

"பைய வே... பசை கூடுனா என்ன ஆவும்னு காலையிலதான பாத்தேன். ஒட்டுன மட்டும் போதும், கொண்டு போவும்!"