ஏழாம் அறையில் பேசக்கூடாது

யசோதினிக்கு ஒரு விஷயம் மட்டும் விளங்கவே இல்லை. சஞ்சீவனிக்கு நன்றி சொல்லலாம் என்று கிட்டே போனால், சஞ்சீவனி எழுந்து போய்விடுகிறாள்.

இருவரும் கண்டியில் ஒரு மகளிர் கல்லூரியில் ஆறாம் வகுப்பு. விடுதியில் இருவருக்கும் சேர்த்து ஏழாம் இலக்க அறை. யசோதினி பன்வில தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. சஞ்சீவனி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் அவளுடைய அம்மாவுக்குக் கம்பளைக்கு மாற்றம் கிடைத்ததால் இங்கே வந்து சேர்ந்தவள்.

வந்த முதல் நாளே ஒரு வேடிக்கை நடந்தது. "வாரும், கொஞ்ச நேரம் கதைப்பம்," என்றாள் சஞ்சீவனி. கதை கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் யசோதினி. தொண்டையைச் செருமிவிட்டு, பாண் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய குரங்கின் கதையை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். சஞ்சீவனி பாவம், நடுவில் வாய் திறக்க இடமே கிடைக்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் வாரம் யசோதினிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் படுக்கை. சஞ்சீவனி காலையும் மாலையும் சமையலறைக்குப் போய், கொத்தமல்லி அவித்த தண்ணீரைச் சுடச்சுட வாங்கி வந்தாள். விட்டுப்போன பாடங்களை எல்லாம் யசோதினியின் கொப்பியில் தானே எழுதி வைத்தாள். விஞ்ஞானக் கொப்பியில் செம்பருத்திப் பூ வரைந்து, அதற்குச் சிவப்பு நிறமும் தீட்டியிருந்தாள்.

அந்தப் பூவை யசோதினி விரலால் தடவிப் பார்த்தாள். இதற்கு நன்றி என்று ஒரு சொல்லோடு விட்டுவிட மனம் வரவில்லை. உட்கார்ந்து நிதானமாகச் சொல்ல வேண்டும்.

"சாப்பிட்டு வந்து உங்கிட்ட பேசணும்," என்றாள்.

சஞ்சீவனியின் முகம் சுருங்கிப் போனது. அன்றைக்கு ஓர் இடியப்பத்தை அரை மணி நேரமாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் யசோதினி, "பாலாம்பிகை மிஸ்கிட்ட உன்னப் பத்தி நல்லா பேசினேன்," என்றாள். பாலாம்பிகை மிஸ்தான் விடுதிக்குப் பொறுப்பு. சஞ்சீவனி சந்தோஷப்படவில்லை. அவளுடைய கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பன்வில வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. யசோதினி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "சீக்கிரம் வா. எங்கம்மா உங்கிட்ட பேசணுமாம்."

"எனக்கு வயித்துக்க குத்துது," என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள் சஞ்சீவனி.

திங்கட்கிழமை பாலாம்பிகை மிஸ் யசோதினியைக் கூப்பிட்டார். "என்னம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா? சஞ்சீவனி வேற ரூம் கேக்குறா. புதன்கிழமை ஒன்பதாம் ரூமுக்கு மாத்தப் போறேன்."

யசோதினிக்கு அழுகை வந்தது. ஆனால் புதன்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அழுவதற்குப் பதிலாக யோசிக்கலாம்.

டோர்ச் எரியாவிட்டால் என்ன செய்வோம்? எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால், பழுது எதில் இருந்தது என்று தெரியாமலே போய்விடும். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதலில் பற்றரி. அப்படியும் எரியாவிட்டால் பல்பு.

யசோதினி, தான் சொன்ன மூன்று வாக்கியங்களையும் ஒரு தாளில் எழுதினாள். 'உங்கிட்ட பேசணும்.' 'நல்லா பேசினேன்.' 'அம்மா பேசணுமாம்.' மூன்றிலும் ஒரே சொல் இருந்தது. ஆனால் பேசுவதில் என்ன பயம்?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு அறையில் விடை தானாகவே வந்து காதில் விழுந்தது. அடுத்த மேசையில் சஞ்சீவனி சோகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கணக்கு ரீச்சர் இண்டைக்கு எனக்கு நல்லாப் பேசிப்போட்டா. வீட்டுவேலை செய்யேல்லை எண்டு."

யசோதினியின் கை சோற்றிலேயே நின்றது. அந்த வகுப்பில் அவளும் இருந்தாள். டீச்சர் எங்கே பேசினார்? திட்டத்தான் திட்டினார்.

உடனே குரங்குக் கதை ஞாபகம் வந்தது. அன்றைக்கு சஞ்சீவனி 'கதைப்பம்' என்றுதானே சொன்னாள்?

சாயந்தரம் சஞ்சீவனி அலுமாரியைத் திறந்து, சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். யசோதினி வாசலிலேயே நின்றாள். ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றினாள்.

"சஞ்சீவனி, எங்கம்மா உன்னோட கதைக்கணுமாம்."

சஞ்சீவனி திரும்பிப் பார்த்தாள். "கதைக்கவோ? என்னோடயோ?"

"ஆமா. காய்ச்சல்ல என்னைப் பாத்துக்கிட்டியே, அதுக்கு நன்றி சொல்ல. நானும் அதத்தான் இத்தனை நாளா சொல்லப் பாக்குறேன்."

"அப்ப ஏன் எனக்குப் பேசோணும், பேசோணும் எண்டு சொன்னீர்? நான் என்ன பிழை செய்தனான் எண்டு யோசிச்சு யோசிச்சுத் தலையிடியே வந்திட்டுது."

"உங்க ஊர்ல பேசுறதுன்னா என்னா?"

"ஏசுறது."

"நாங்க பேசுறதுன்னு சொல்றது, நீங்க கதைக்கிறது."

கையில் பிடித்த சட்டையோடு சஞ்சீவனி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப மிஸ்ஸிட்ட என்னைப் பற்றி நல்லாப் பேசினது?"

"உன்னைப் போல ரூம்மேட் யாருக்கும் கிடைக்காதுன்னு சொன்னேன்."

சஞ்சீவனி சட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"ஒரு சந்தேகம்," என்றாள் யசோதினி. "பேச்சுப் போட்டியில உங்க ஊர்ல மேடை ஏறித் திட்டிக்குவீங்களா?"

சட்டைக்குள்ளிருந்து பெரிய சிரிப்பு வந்தது. "மேடையில பேசினா அது பேச்சு. வீட்டில அம்மா பேசினா அது ஏச்சு. அது சரி, நான் கதைப்பம் எண்டு கேக்க நீர் ஏன் குரங்குக் கதை சொன்னீர்?"

"நீ கதை கேக்குறேன்னு நெனச்சேன்."

"நல்ல கதைதான். என்னைத்தான் கதைக்க விடேல்லை."

மிஸ்ஸிடம் அனுமதி கேட்டு, அன்றைக்கே பன்விலைக்கு அழைத்தார்கள். "மொதல்ல நன்றி தாயி," என்றார் யசோதினியின் அம்மா. "லீவுக்கு இங்க வா. ரொட்டி சுட்டுத் தாறேன். நாள் பூரா பேசலாம்."

சஞ்சீவனி யசோதினியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "ஓம் அம்மா. வாறன். நாள் முழுக்கப் பேசுங்கோ."

புதன்கிழமை காலை ஒன்பதாம் அறைச் சாவியோடு பாலாம்பிகை மிஸ் வந்தார். சஞ்சீவனியின் சட்டைகள் திரும்பவும் அலுமாரிக்குள் இருந்தன. அலுமாரிக் கதவில், சிவப்புச் செம்பருத்தி வரைந்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. மிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

'இந்த அறையில் எவ்வளவு நேரமும் கதைக்கலாம். ஒருவருக்கொருவர் பேசக்கூடாது. சொல் விளங்காவிட்டால் ஓடக்கூடாது, கேட்க வேண்டும்.'